போர்க்கால அமெரிக்கச் சிற்றூரைப் பழைய அரசாங்கப் படங்களில் படிப்பது எப்படி

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அமெரிக்கச் சிறு நகரங்களின் அன்றாட வாழ்க்கையை எடுத்த படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. சலூன் வாசலில் சிப்பாய், மளிகைக் கடை வரிசை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வரும் கூட்டம் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் '1940-களில் அமெரிக்கா' என்று ஒரு வரி போட்டு விட்டுவிடுகிறார்கள். அந்தப் படங்களில் பலவற்றை ஊர், மாதம், சில சமயம் வாரம் வரைக்கும் குறுக்கிச் சொல்ல முடியும். அதற்கு வேண்டியது மூல ஸ்கேன், ஒரு தேதிப் பட்டியல், கொஞ்சம் சந்தேக புத்தி. ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: படத்தின் நடுவில் இருப்பது போட்டோகிராபர் காட்ட நினைத்தது. ஓரத்தில், பின்னணியில், கடைக் கண்ணாடியில் இருப்பதை அவர் பெரும்பாலும் கவனித்திருக்கவே மாட்டார். நமக்கு வேலை அங்கேதான்.

மூலப் படத்தைப் பிடிப்பது

சுற்றில் இருக்கும் படங்களில் பெரும்பங்கு வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் எஃப்எஸ்ஏ-ஓடபிள்யூஐ தொகுப்பிலிருந்து வந்தவை. எஃப்எஸ்ஏ என்பது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசுத் துறை. 1935-இல் ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையில், கிராமத்து வறுமையைப் பதிவு செய்வதற்காகத் தொடங்கிய அரசுப் புகைப்படப் பிரிவு அது. 1942-இல் போர்த் தகவல் அலுவலகமான ஓடபிள்யூஐ-க்கு மாற்றப்பட்டது. சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும், 1,600-க்கு மேல் கலர்ப் படங்களும் அதில் உண்டு. அரசு ஊழியர்கள் எடுத்தவை என்பதால் பெரும்பாலும் காப்புரிமைச் சிக்கல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உள்ள உரிமைக் குறிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கையில் சிக்கிய படம் சின்னதாக, வெட்டப்பட்டதாக இருந்தால் ரிவர்ஸ் இமேஜ் தேடலில் போட்டு நூலகப் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, அழைப்பு எண். எல்சி-யுஎஸ்எஃப்33 என்று தொடங்கினால் 35 மிமீ நெகட்டிவ். எல்சி-யுஎஸ்எஃப்34 அதைவிடப் பெரிய ஃபிலிம். எல்சி-யுஎஸ்டபிள்யூ3 என்றால் ஓடபிள்யூஐ காலத்துப் படம், போர்க்காலச் சிற்றூர்கள் அதிகம் கிடைப்பது அந்த வரிசையில்தான். இரண்டாவது, அழைப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும் 'அடுத்தடுத்த எண்களைப் பார்' என்ற இணைப்பு. இதை அழுத்தாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரே ஊரில் ஒரே வேலையாக எடுத்த படங்கள் வரிசையாக விரியும். எண்கள் வாஷிங்டனில் பிறகு போடப்பட்டவை. அதனால் எண் வரிசையை எடுத்த வரிசை என்று நம்ப வேண்டாம், ஆனால் கூட்டாளிப் படங்கள் பக்கத்திலேயே இருக்கும்.

'தலைப்பில்லாத படம், இதோடு தொடர்புடையதாக இருக்கலாம்' என்று சதுர அடைப்புக்குறிக்குள் குறிப்பு வந்தால் கவனம். அது போட்டோகிராபர் எழுதியதல்ல. பக்கத்து நெகட்டிவின் தலைப்பை வைத்து நூலகம் ஊகித்துக் கொடுத்தது. அப்படிப்பட்ட படங்களுக்குத் தேதியும் பல வருட இடைவெளியாகத்தான் இருக்கும். அதையே உறுதியான தலைப்பாக எடுத்துப் போட்டு ஊரையே மாற்றிவிட்ட பதிவுகள் ஏராளம்.

ஊர் பெயர் தெரியாமல், மாநிலம் அல்லது கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் தெரிந்தால் யேல் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபோட்டோகிராமர் வரைபடத் தளம் உதவும். சுமார் 1,70,000 படங்களைக் கவுண்டி வாரியாக வரைபடத்தில் வைத்திருக்கிறார்கள்.

டவுன்லோட் செய்யும்போது ஜேபெக் வேண்டாம், இருப்பதிலேயே பெரிய டிஃப் கோப்பை எடுங்கள். 100 சதவீத அளவில் வைத்து இடது மேல் மூலையிலிருந்து வரிசை வரிசையாக நகர்த்திப் பாருங்கள். இருட்டில் ஏதாவது தெரிகிறதா என்று லெவல்ஸை, அதாவது வெளிச்ச அளவைக் கொஞ்சம் தூக்கலாம். ஷார்ப்பன் போடாதீர்கள், ஃபிலிம் மணிகள் எழுத்துப் போலத் தோன்றும். ஏஐ வைத்துப் பெரிதாக்குவது இதற்கு அறவே உதவாது. தெரியாத எழுத்தை அது தானே எழுதிவிடும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

அடுத்து படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துப் பலகை இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் காரின் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்க வேண்டும், ஆண்களின் சட்டைப் பொத்தான் அவர்களுடைய வலப்பக்கப் பட்டியில் இருக்க வேண்டும்.

தேதியைக் குறுக்குவது

தலைப்பில் மாதமும் வருடமும் இருந்தாலும் சரிபாருங்கள். தலைப்பே இல்லாத குடும்ப ஆல்பத்துக்கும் இதே முறைதான். விதி ஒன்றே ஒன்று: ஒரு பொருள் படத்தில் இருந்தால் 'இதற்கு முன் எடுத்ததல்ல' என்று சொல்லலாம். 'இதற்குப் பின் எடுத்ததல்ல' என்று சொல்ல அநேகமாக முடியாது. சுவரொட்டி மூன்று வருடம் சுவரில் இருக்கும், கோட்டு பத்து வருடம் உடம்பில் இருக்கும்.

மனப்பாடமாக வேண்டிய தேதிகள் ரேஷன் தேதிகள். டயர் 1942 ஜனவரியில் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சர்க்கரை அதே ஆண்டு மே. பெட்ரோல் கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் 1942 மே, நாடு முழுக்க டிசம்பர் 1. காப்பி 1942 நவம்பர் 29 முதல் மறு ஆண்டு ஜூலை வரை. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. காலணி 1943 பிப்ரவரியில் வந்தது. டப்பா உணவு 1943 மார்ச் 1, இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி மார்ச் 29.

இதை வைத்து ஒரு மளிகைக் கடைப் படத்தைப் படிப்போம். அலமாரியில் தக்காளி டப்பா, கீழே விலைச் சீட்டு. சீட்டில் சென்ட் விலை மட்டும் இருந்தால் அது 1943 மார்ச்சுக்கு முன் எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். விலையோடு இன்னொரு எண்ணும் அச்சிட்டு ஒட்டியிருந்தால் அது பாயிண்ட், அதாவது பொருளை வாங்கக் காசோடு சேர்த்து ரேஷன் ஸ்டாம்பில் கொடுக்க வேண்டிய மதிப்பு. நீல ஸ்டாம்பில் ஒரு ஆளுக்கு மாதம் 48 பாயிண்ட் டப்பா உணவுக்கு, சிவப்பு ஸ்டாம்பில் வாரம் 16 பாயிண்ட் இறைச்சி, கொழுப்புக்கு என்று அந்தத் திட்டம் தொடங்கியது. கடைச் சுவரில் பெரிய பாயிண்ட் அட்டவணை தொங்கினால் இன்னும் நல்லது. பாயிண்ட் மதிப்பை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் அட்டவணையில் தேதி அச்சிட்டிருக்கும். கல்லாவில், பாயிண்டுக்குச் சில்லறையாகக் கொடுத்த சின்ன வட்டமான நார் அட்டை டோக்கன்கள் தெரிந்தால் அது 1944 பிப்ரவரி இறுதிக்குப் பிந்தையது. எஃப்எஸ்ஏ-ஓடபிள்யூஐ ஆட்கள் எடுத்ததில் அநேகமாக எல்லாமே அதற்கு முந்தியவை. அதனால் டோக்கன் தெரிந்தால் படம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கும் என்று சந்தேகப்படலாம்.

பள்ளிக்கூட மேசையில் டீச்சர் உட்கார்ந்து பெரியவர்களுக்கு ரேஷன் புத்தகம் எழுதிக் கொடுக்கும் படம் நிறைய உண்டு. முதல் ரேஷன் புத்தகம் 1942 மே தொடக்கத்தில், இரண்டாவது 1943 பிப்ரவரி கடைசியில் வழங்கப்பட்டது, இரண்டுமே பள்ளிக்கூடங்களில்தான். எது எது என்று எப்படிச் சொல்வது? வரிசையில் நிற்பவர்கள் உடம்பில் தடித்த ஓவர்கோட்டு, காலில் ரப்பர் ஷூ என்றால் பிப்ரவரி. வீட்டில் எத்தனை டப்பா இருப்பு வைத்திருக்கிறீர்கள் என்று அறிவிக்கும் படிவமும் இரண்டாம் முறைதான் வந்தது. தென்மாநிலங்களில் கோட்டு உதவாது, படிவத்தைத் தேடுங்கள்.

கார்கள் தனிப் பாடம். 1942 பிப்ரவரியோடு சொந்த உபயோகக் கார் தயாரிப்பு நின்றது. தெருவில் நிற்கும் வண்டிகளில் புதியது 1942 மாடலாகத்தான் இருக்கும். கடைசி வாரங்களில் வந்தவற்றில் குரோமியப் பட்டைக்குப் பதில் பெயிண்ட் அடித்திருக்கும். முன் கண்ணாடியின் மூலையில் சதுர ஸ்டிக்கர் இருந்தால் பெட்ரோல் ரேஷன் வந்துவிட்டது. 'ஏ' எழுத்து சாதாரணக் குடும்பக் கார், தொடக்கத்தில் வாரம் நாலு கேலன். 'பி' வேலைக்கு வண்டி வேண்டியவர்கள், 'சி' டாக்டர் மாதிரி அத்தியாவசியம், 'டி' (ஆங்கில T) லாரி. ஏ ஸ்டிக்கரின் உட்புறம், ஓட்டுபவர் கண்ணுக்குப் படும்படி 'இந்தப் பயணம் உண்மையிலேயே தேவையா' என்று கேட்டிருக்கும். காருக்குள்ளிருந்து எடுத்த படங்களில் அதைப் படிக்கலாம். நம்பர் பிளேட்டையும் பாருங்கள். உலோகத்தை மிச்சப்படுத்த 1943-இல் பல மாநிலங்கள் புதிய பிளேட் கொடுக்காமல் பழையதின் மேல் சின்ன உலோகத் துண்டு ஒன்றை மாட்டச் சொன்னார்கள். இல்லினாய்ஸ் 1943-இல் சோயா கலந்த நார் அட்டையில் பிளேட் செய்தது. அதை ஆடு மாடு தின்றதாகக் கதைகள் உண்டு.

சுவரொட்டிகளில் படத்தைப் பார்க்காமல் அடி ஓரத்தைப் பாருங்கள். அரசு அச்சகத்தின் பெயர், வருடம், எண் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பெரிய நெகட்டிவ் ஸ்கேனில் அந்த வருடம் பல சமயம் படிக்கும்படி வரும். கடன் பத்திரச் சுவரொட்டியில் 'பாதுகாப்புப் பத்திரம்' என்றிருந்தால் 1942 தொடக்கம் அல்லது அதற்கு முன் அச்சடித்தது, 'போர்ப் பத்திரம்' என்றிருந்தால் அதற்குப் பின். 18 டாலர் 75 சென்ட் கொடுத்து வாங்கினால் பத்து வருடத்தில் 25 டாலர் கிடைக்கும் பத்திரம் இரண்டிலும் அதேதான்.

ஆடையை வைத்துத் தேதி சொல்வது ஆபத்து. 1942 வசந்தத்தில் ஆண்களின் கால்சட்டை மடிப்புக்கும் பெண்களின் பாவாடைச் சுற்றளவுக்கும் துணிக் கட்டுப்பாடு வந்தது உண்மைதான். ஆனால் அது தைக்கிறவர்களுக்கு. அலமாரியில் இருப்பதை யாரும் பிரிக்கவில்லை.

எல்லாவற்றையும்விடத் துல்லியமான கருவி சினிமாக் கொட்டகையின் முகப்புப் பலகை. படம் வெளியான வருடத்தைத் தேடிப்போய் அதோடு நின்றுவிடாதீர்கள். சிற்றூருக்குப் படம் பல வாரம் கழித்தே வரும், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குப் பதில் அந்த ஊர்ப் பத்திரிகையின் கேளிக்கை விளம்பரப் பக்கத்தைத் திறங்கள். சின்னக் கொட்டகைகள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை படம் மாற்றின. பலகையில் இருக்கும் ஜோடிப் படங்கள் விளம்பரத்திலும் அப்படியே இருந்தால், தேதி இரண்டு மூன்று நாளுக்குள் அடைபட்டுவிடும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் க்ரானிக்ளிங் அமெரிக்கா தளத்தில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள் இலவசம். அங்கே இல்லையென்றால் மாநில நூலகம்.

கடிகாரமும் நிழலும்

தெருவில் கடிகாரம் தெரிந்தால் தலைப்பில் சொன்ன மாதத்தைச் சோதிக்கலாம். பலர் இங்கே சறுக்குவதற்குக் காரணம், 1942 பிப்ரவரி 9 முதல் 1945 செப்டம்பர் கடைசி வரை அமெரிக்கா முழுக்க, குளிர்காலத்திலும், கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. போர் நேரம் என்று அதற்குப் பெயர்.

பென்சில்வேனியாவின் லிடிட்ஸை எடுத்துக்கொள்வோம். 1942 நவம்பரில் மார்ஜரி காலின்ஸ் அங்கே போய் எடுத்த தொகுப்பு, சிற்றூர் வாழ்க்கைக்கு இந்த மொத்தக் களஞ்சியத்திலேயே சிறந்த ஒன்று. ஊர் 76.3 டிகிரி மேற்கில் இருக்கிறது, கிழக்கு நேர மண்டலத்தின் மையக்கோடு 75. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம், ஆக ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்துக்கு 16 நிமிடம் முந்துகிறது, அதைக் கழியுங்கள். வழக்கமான நேரப்படி உச்சி 11:49, போர் நேரப்படி 12:49. அந்த நேரத்தில் நிழல் நேர் வடக்கே விழ வேண்டும். நவம்பர் நடுவில் அங்கே உச்சிச் சூரியன் சுமார் 31 டிகிரி உயரத்தில் நிற்கும், ஆறடி மனிதரின் நிழல் பத்தடி நீளும். மே கடைசியில் 71 டிகிரி, நிழல் இரண்டடி. கடிகாரம் பகல் ஒரு மணி காட்ட, நிழல் காலடியில் சுருண்டிருந்தால் நவம்பர் என்ற தலைப்பு தப்பு. எந்தத் தெரு எந்தத் திசை என்பதை இன்றைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம், சதுக்கங்கள் நகர்வதில்லை.

நகைக்கடை வாசலில் தொங்கும் பெரிய கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். பல ஊர்களில் அது வெறும் விளம்பரப் பலகை, முட்கள் எட்டேகாலைச் சுற்றி எங்காவது பெயிண்டில் வரைந்தவை.

இடத்தை உறுதி செய்வது

கடைப் பெயர் ஒன்று கிடைத்தால் போதும். அந்தக் கால நகர டைரக்டரிகள், குறிப்பாக போல்க் நிறுவனம் போட்டவை, தெரு எண் வாரியாகக் கடையையும் குடியிருப்பவரையும் பட்டியலிடும். ஒன்றிரண்டு பக்கத்துக் கடைகளின் பெயரும் பொருந்தினால்தான் உறுதி. ஒரே பெயரில் சங்கிலிக் கடை ஒவ்வொரு ஊரிலும் இருந்தது. பிறகு சான்பார்ன் தீ காப்பீட்டு வரைபடத்தில் அந்தக் கட்டடத்தைத் தேடுங்கள். மாடி எத்தனை, செங்கல்லா மரமா என்பது வரை வண்ணத்தில் குறித்திருப்பார்கள்.

ஜன்னல்களில் தொங்கும் சின்னக் கொடி, சிவப்பு ஓரத்துக்குள் வெள்ளைப் பட்டையில் நட்சத்திரம், அந்த வீட்டிலிருந்து படைக்குப் போனவர்களின் கணக்கு. ஆளுக்கு ஒரு நீல நட்சத்திரம், இறந்தால் அதன்மேல் தங்க நிறம் தைப்பார்கள், ஓரத்தில் நீலம் மெலிதாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் அடர்த்தியாக விழும். வெளிர் நட்சத்திரம் கண்டவுடன் மரணம் என்று எழுதிவிடக் கூடாது, கண்ணாடியின் பிரதிபலிப்பும் அப்படித்தான் வெளுக்கும். அந்த ஓர நீலம் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். சதுக்கத்தில் படைக்குப் போனவர்களின் பெயர்ப் பலகை இருந்தால் இரண்டு படங்களில் பெயர்களை எண்ணி ஒப்பிடுங்கள். பெயர் கூடிக்கொண்டே போகும் என்பதால் எது முந்தியது என்று தெரிந்துவிடும்.

யார், எதற்காக எடுத்தார்கள்

இவை பிரச்சார அலுவலகத்தின் படங்கள். ஸ்ட்ரைக்கர் தன் ஆட்களுக்கு எதை எடுக்க வேண்டும் என்று பட்டியலே அனுப்புவார். போர் வந்த பிறகு, நாட்டை நம்புகிற, உற்சாகமான முகங்கள் வேண்டும், கோப்பில் இருப்பதைப் பார்த்தால் நாடே முதியோர் இல்லம் போலத் தெரிகிறது என்ற பொருளில் எழுதினார். கனெக்டிகட்டின் சதிங்டனை 1942 மே மாதம் ஃபென்னோ ஜேக்கப்ஸ் எடுத்தது இன்னும் வெளிப்படை. அந்தப் படங்களைத் துண்டுப் புத்தகமாக்கி ஐரோப்பாவின் மேல் விமானத்திலிருந்து வீசினார்கள். அதில் எல்லோரும் புன்னகைப்பதில் வியப்பில்லை.

அதனால் ஏற்பாடு செய்த காட்சியா என்று சோதியுங்கள். முகத்தில் ஃபிளாஷ் வெளிச்சம், பின் சுவரில் கூர்மையான கறுப்பு நிழல் இருந்தால் போட்டோகிராபர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து எண்களில் அதே குடும்பம் அதே மேசையில் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தால் உட்கார வைத்து எடுத்ததுதான். அப்படிப்பட்ட படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். மேசையில் இருக்கும் காப்பிக் கோப்பையும் சர்க்கரைக் கிண்ணமும் அப்போதும் அந்த வீட்டுடையவைதான்.

இல்லாததையும் குறித்துக்கொள்ளுங்கள். டெக்சாஸின் போமாண்ட் நகரத்தை ஜான் வாச்சான் 1943 மே மாதம் எடுத்தார். கப்பல் கட்டும் தளத்துக்கு ஆட்கள் குவிந்து நகரம் பிதுங்கிக்கொண்டிருந்த நேரம். ஜூன் 15, 16 தேதிகளில் தளத்தின் வெள்ளைத் தொழிலாளர்கள் தொடங்கிய கும்பல், கறுப்பின மக்களின் குடியிருப்பைச் சூறையாடித் தீ வைத்தது, ராணுவச் சட்டம் போட்டார்கள். மே மாதப் படங்களை மட்டும் பார்த்தால் இதில் ஒன்றும் தெரியாது. தென்மாநில நகரம் என்றால் பேருந்து நிலையம், குடிநீர்க் குழாய், கொட்டகையின் பக்கவாட்டுப் படி ஆகியவற்றில் நிறப்பிரிவினைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பு அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். படம் எடுத்த மாதத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மாதப் பத்திரிகையைப் புரட்டுவது இதற்காகத்தான்.

குறிப்பு எழுதும் முறை

உங்கள் குறிப்பை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். முதலில் நூலகத் தலைப்பு, உள்ளது உள்ளபடி, தப்பிருந்தாலும் திருத்தாமல். அடுத்து நீங்கள் கண்டுபிடித்தது, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு: 'டப்பாக்களில் பாயிண்ட் எண் இருக்கிறது, ஆகவே 1943 மார்ச்சுக்கு முந்தியதல்ல' என்பது மாதிரி. போட்டோகிராபர் பெயர், தொகுப்பு, அழைப்பு எண் மூன்றையும் விடாதீர்கள்; எண் இருந்தால்தான் படிப்பவர் போய்ச் சரிபார்க்க முடியும். வெட்டிப் பெரிதாக்கிய பகுதியைப் போட்டால் முழுப் படத்தையும் கூடவே போடுங்கள். உள்ளூர் ஸ்டூடியோக்கள், பத்திரிகை அலுவலகங்கள் எடுத்த படங்களுக்கு மேலே சொன்ன உரிமைச் சலுகை கிடையாது. வைத்திருக்கும் வரலாற்றுச் சங்கத்திடம் எழுதிக் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். தலைப்பில் குழந்தைகளின் பெயரும் வீட்டு விலாசமும் இருந்தால் பொதுவில் போடும்போது விலாசத்தை விட்டுவிடலாம், அழைப்பு எண் போதும்.